இறந்தோருக்குரிய கடனும் இருப்போரின் உயிரும்

ஊரில் கொள்ளைநோய் பரவும்போது, சுகாதார அதிகாரிகள் சொல்லும் விதிகளை ஜனங்கள் கைக்கொள்ளாவிட்டால், "அறியாத ஜனங்கள், சொன்னாலும் விளங்காது" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது எளிது. அது நியாயமா என்பதுதான் கேள்வி. மேற்கு ஆப்பிரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பெருந்துயரத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். நம் குடும்பங்களும் அதை அறிவது நலம்.

2013-ம் ஆண்டின் இறுதியில் கினி நாட்டில் தோன்றிய எபோலா என்னும் விஷக்காய்ச்சல், 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 28,000-க்கு மேற்பட்டோரைப் பற்றி, 11,000-க்கு மேற்பட்டோரை மாய்த்தது. நோயாளியின் இரத்தம், வாந்தி, பேதி முதலியவற்றைத் தொடுவதால் பரவும் வியாதி அது. இறந்தவரின் சரீரத்திலும் அதன் கிருமி சில நாள் வீரியம் குறையாமல் இருக்கும். அந்நாடுகளிலோ, இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, தொட்டு அழுது விடைகொடுப்பதே தொன்றுதொட்ட வழக்கம். ஆகவே ஒரு சாவு வீட்டிலிருந்து பல சாவுகள் புறப்பட்டன. நோயாளியை விட்டு ஓடியவன் தப்பினான். தாயைக் குளிப்பாட்டிய மகளும், பிள்ளையை மடியில் கிடத்திய தாயும் மாண்டார்கள்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பிரேதத்தைத் தொடலாகாது என்று தடுத்தார்கள். உடல் முழுதும் மூடிய ஆட்கள் வண்டியில் வந்து, பிரேதத்தைப் பையிலிட்டுக் கொண்டுபோனார்கள். எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவில், 2014 ஆகஸ்டில், எபோலாவால் இறந்தோரைத் தகனம் செய்யக் கட்டளை பிறந்தது. நகருக்கு வெளியே அங்குள்ள இந்தியர் அமைத்திருந்த தகனசாலையே இதற்குப் பயன்பட்டது. நம் நாட்டில் தகனம் அநேகருக்குப் புனிதமான சடங்கு. லைபீரிய மக்களுக்கோ அது தாங்கொணாத அவமானம். அவர்கள் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒருநாள் கல்லறைகளைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, பூ வைப்பது வழக்கம்; நமது கல்லறைத் திருநாளை ஒத்தது அது. கல்லறையே இல்லையென்றால் மகன் எங்கே போய் நிற்பான்? பலர் நோயாளிகளை வீட்டிலே ஒளித்து வைத்தார்கள். பிரேதங்களை இரகசியமாகப் புதைத்தார்கள். உயிரைக் காக்க வந்த கட்டளையே நோய்க்கு மறைவிடம் தந்தது.

மரித்தோரை அடக்கம் செய்வதும் ஓர் இரக்கச் செயல் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அரசனின் கோபத்துக்கும் அஞ்சாமல் தொபியாஸ் அதைச் செய்தார். ஆனால் இருப்போரின் உயிரைக் காப்பதும் கடமையன்றோ? இவ்விரு கடமைகளும் மோதினால் எதை விடுவது?

நிதானித்துப் பார்த்தால், இறந்தவருக்குரிய மரியாதை வேறு; அதைச் செலுத்தும் முறை வேறு. மரியாதையை விடச்சொல்ல எவருக்கும் உரிமையில்லை. முறை காலத்துக்கேற்ப மாறலாம். ஆனால் துக்கப்படுகிறவர்களே மனமொப்பி அதை மாற்றவேண்டும்; அயலார் வந்து பறித்தால் மரியாதையையே பறித்ததாக அவர்களுக்குத் தோன்றும்.

இதற்குக் கினி நாட்டில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 2014-ல் அங்குள்ள கிஸ்ஸி இனத்தில் ஒரு கர்ப்பிணி எபோலாவால் இறந்தாள். சிசுவை வயிற்றிலிருந்து எடுக்காமல் புதைத்தால் ஊருக்கே கேடு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. உடலைத் திறந்தால் கிருமி பரவும் என்பது வைத்தியர்களின் அச்சம். இரு தரப்பாரும் அசையவில்லை. ஜூலியன் அனோகோ என்ற மானிடவியல் அறிஞர் அம்மாது ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து, அவர்கள் துக்கத்தைக் கேட்டறிந்தார். இப்படிப்பட்ட வேளைக்கென்று அவர்கள் மரபிலேயே ஒரு பரிகாரச் சடங்கு இருப்பது தெரியவந்தது. அது நிறைவேறிற்று. சரீரம் திறக்கப்படாமலே அடக்கமாயிற்று. அச்சடங்கு நம் விசுவாசத்துக்கு அந்நியமானதுதான். ஆயினும், கட்டளையால் ஆகாதது பொறுமையோடு கேட்டதால் ஆயிற்று என்பதை யார் மறுக்கக்கூடும்?

அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம், கிறிஸ்தவ, இஸ்லாமியப் பெரியோரையும் மானிடவியல் அறிஞரையும் கலந்து, அடக்க முறைகளைத் திருத்தி வெளியிட்டது. குடும்பத்தாரின் சம்மதமின்றி அடக்கம் தொடங்கலாகாது. குருவோ இமாமோ ஜெபிக்க இடமுண்டு. இஸ்லாமியருக்கு வெண்ணிறப் பையே கபன் துணியாகக் கருதப்படலாம். கல்லறைக்கு அடையாளம் இருக்கவேண்டும் என்பன அதன் சாரம். லைபீரியாவிலும் அவ்வாண்டின் இறுதியில் தகனம் நின்று, அடக்கத்துக்கு நிலம் ஏற்பட்டது.

ஜனங்கள் அறியாதவர்கள் என்று எண்ணுவது எத்தனை தவறு என்பதை உகாண்டா நாடு முன்னமே காட்டியிருந்தது. 2000-ம் ஆண்டு அங்கே குலு பகுதியில் எபோலா வந்தபோது, பேரி ஹியூலெட் என்ற அறிஞர் அகோலி இன மக்களிடையே ஆராய்ந்தார். கொள்ளைநோய்க் காலத்துக்கென்று முன்னோர் வகுத்த விதிகள் அவர்களிடம் இருந்தன. நோயாளியைத் தனி வீட்டில் வைப்பார்கள்; வாசலில் நீண்ட கழிகளை நட்டு அடையாளம் காட்டுவார்கள்; நோயிலிருந்து பிழைத்தவரே பணிவிடை செய்வார். இன்றைய சுகாதார நூல்கள் இதைவிட அதிகமாக என்ன கேட்கின்றன?

பங்குக் குடும்பங்களே, 2020-ல் கொரோனா பரவியபோது, உற்றாரின் முகம் பாராமலே அடக்கம் செய்யும் வேதனையை நம்மில் பலரும் அறிந்தோம். ஆகையால் இது தூரதேசத்துக் கதையல்ல. வீட்டிலே முதியவர் மருந்தை மறுத்தாலும், அயலார் தடுப்பூசிக்கு அஞ்சினாலும், அவரைப் பழிக்குமுன் அருகில் அமர்ந்து, "எதற்கு அஞ்சுகிறீர்கள்? உங்கள் மனத்தில் என்ன குறை?" என்று கேட்போம். அவ்வண்ணமே, வைத்தியர் தக்க காரணம் காட்டி, "தொடவேண்டாம்" என்று சொன்னால், அன்பின் பெயரால் மீறாதிருப்போம். இறந்தவருக்காக ஜெபிக்க அவரைத் தொடவேண்டியதில்லை. அவர் விட்டுப்போன பிள்ளைகளுக்கோ உயிரோடு இருக்கும் நம் கைகள் வேண்டும்.