‘ஏன் டல்லா இருக்கீங்க?’

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும். “ஏன் டல்லா இருக்கீங்க? ராத்திரி தூங்கலையா?” நன்றாகத் தூங்கி எழுந்து, பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலும் கேட்பார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் புருவங்களின் வெளி ஓரம் சற்று இறங்கியிருக்கிறது. கூடவே இமைக்கு மேலிருக்கும் தோலும் சரிந்திருக்கிறது. அதை அவர்கள் களைப்பு என்று வாசிக்கிறார்கள்.

இந்த வாசிப்புக்கு இப்போது ஒரு தீர்வு விற்பனைக்கு வந்திருக்கிறது. பெரிய நகரங்களில் தோல் மருத்துவமனைகளின் விளம்பரங்களில் ‘த்ரெட் லிஃப்ட்’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள். இதைச் செய்துகொள்வது சரியா என்று கேட்டால் நம்மிடம் உடனே வரும் பதில், ‘அவள் உடல், அவள் விருப்பம்’ என்பது. அந்தப் பதிலை நான் மறுக்கவில்லை. ஒரு பெண்ணைத் தடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு அது சரியான பதில், யாருக்கும் இல்லை. ஆனால் அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது, அது மற்றப் பெண்களை என்ன செய்கிறது, அதில் யாருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்விகள் அந்தப் பதிலுக்குப் பிறகும் மிச்சமிருக்கின்றன.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். புருவத்தை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுப்பவை பல. நெற்றித் தசை புருவத்தின் வெளி ஓரம்வரை எட்டுவதில்லை. அதனால் வயதாக ஆக, தோலின் நெகிழ்வு குறைந்து, அடியிலுள்ள கொழுப்பும் எலும்பும் கரையும்போது, அந்த ஓரம்தான் முதலில் இறங்கும். த்ரெட் லிஃப்டில் நெற்றிப்பொட்டின் பக்கம், முடிக்குள் மறையும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அங்கே சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் ஊசி ஒன்றின் வழியாகத் தோலுக்கு அடியில் புருவம்வரை நூலைச் செலுத்துவார்கள். நூலில் மீன்முள் போன்ற சிறு முட்கள் இருக்கும். இழுத்தால் முட்கள் திசுவைக் கவ்விக்கொள்ளும், புருவம் ஏறும். மிச்ச நூலை வெட்டிவிடுவார்கள்.

1990களில் ரஷ்யாவில் மார்லென் சுலமானிட்சே என்ற அறுவை மருத்துவர் ‘ஆப்டோஸ்’ என்ற பெயரில் இத்தகைய முள்நூலைக் கொண்டுவந்தார். தொடக்க காலத்தில் கரையாத நூல்கள் பயன்பட்டன. இப்போது பரவலாக இருப்பது கரையும் நூல். அறுவை சிகிச்சைகளில் தையலுக்குப் பல காலமாகப் பயன்பட்டுவரும் பாலிடயாக்ஸனோன் அவற்றில் ஒன்று. அது ஏறத்தாழ 6 மாதத்தில் உடலில் கரைந்துவிடும். தூக்கிய புருவம் பெரும்பாலும் ஓர் ஆண்டு, கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பிறகு இறங்கும். மறுபடி போக வேண்டும், மறுபடி பல பத்தாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டும். வீக்கமும் கன்றிப்போவதும் சாதாரணம். தோலில் குழி விழலாம், இரு புருவமும் சமமில்லாமல் போகலாம், நூல் முனை வெளியே தலைகாட்டலாம், சீழ் பிடிக்கலாம். புருவத்தை உயர்த்தும் நரம்பின் கிளை நெற்றிப்பொட்டு வழியாகத்தான் போகிறது. அரிதாக அதில் அடிபட்டால், எதைத் தூக்கப் போனோமோ அதுவே தொங்கிவிடும்.

‘சின்னச் சிகிச்சைதானே’ என்ற சொல்லைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். முகத்தைக் கத்தியால் திறக்கும் பழைய அறுவை சிகிச்சைக்கு ஒரு பெண் பல முறை யோசித்தாள், வீட்டில் பேசினாள், காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சிகிச்சை சிறிதாக ஆக, அதற்குத் தேவைப்படும் காரணமும் சிறிதாகிறது. ஒரு கட்டத்தில் செய்துகொள்ளக் காரணமே வேண்டியதில்லை என்றாகிவிடும். செய்துகொள்ளாதவள்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இது கற்பனை இல்லை. நம் புருவங்களிலேயே ஏற்கெனவே நடந்திருக்கிறது. புருவத்துக்கு நூல் வந்தது இது முதல்முறையா? பியூட்டி பார்லரில் பருத்தி நூலால் முடியைப் பிடுங்கும் ‘த்ரெடிங்’ நினைவிருக்கட்டும். என் அம்மா வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. அவர் புருவத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. என் தலைமுறையில் பலர் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முதல்முறையாகப் போனோம். இன்று என் வகுப்பில் மாதம் ஒருமுறை போகாத மாணவியை விரல்விட்டு எண்ணிவிடலாம். போகாதவளிடம் “பார்லர் போகலையா?” என்று தோழிகளே கேட்கிறார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொருத்தியும் தன் விருப்பத்தில்தான் போனாள். எல்லோரும் போன பிறகு, பிறவிப் புருவம் ‘கவனிக்காமல் விட்ட’ புருவம் ஆகிவிட்டது.

இது வயதானவர்களின் சங்கதி என்று மாணவியர் ஒதுக்கிவிட வேண்டாம். 2020 வாக்கில் ‘நரிக்கண்’ என்ற பெயரில் புருவ ஓரத்தையும் கண் ஓரத்தையும் மேல்நோக்கி இழுக்கும் மோகம் உலகெங்கும் பரவியது. இருபதுகளில் இருக்கும் பெண்களும் அதற்காக நூல் போட்டுக்கொண்டார்கள். எங்கள் கண் வடிவத்தைக் காட்டித்தானே பள்ளியில் எங்களைக் கேலி செய்தீர்கள், இப்போது அது உங்களுக்கு அலங்காரமா என்று கிழக்காசியப் பின்புலம் கொண்ட பலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. நேற்றுவரை கேலிக்குரியதாக இருந்த சாய்வு இன்று விலைக்கு வருகிறது என்றால், புருவத்துக்கென்று இயற்கையான ‘சரியான இடம்’ எதுவும் இல்லை என்றாகிறது.

பெண்ணியச் சிந்தனையில் இந்த விவாதத்துக்கு இரு முனைகள் உண்டு. கேத்ரின் பாலி மோர்கன் 1991இல் எழுதிய கட்டுரையில், அழகு அறுவை சிகிச்சையில் விருப்பம் என்று தோன்றுவது பெரும்பாலும் இணங்கிப்போவதுதான் என்றார். மறுப்பவர்கள் விசித்திரமானவர்களாகப் பார்க்கப்படும் காலம் வரும் என்றும் எச்சரித்தார். கேத்தி டேவிஸ் 1995இல் வந்த நூலில், நெதர்லாந்தில் சிகிச்சை செய்துகொண்ட பெண்களிடம் பேசி, அவர்கள் ஏமாளிகள் இல்லை என்று வாதிட்டார். அவர்களில் பலர் அழகியாக ஆசைப்படவில்லை. தம் உடலைப் பற்றிய உறுத்தல் தீர்ந்து, சாதாரணமாக நடமாட விரும்பினார்கள்.

என் தோழி ஒருத்தி டேவிஸ் பக்கம். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வாடிக்கையாளர்களை நேரில் பார்த்துப் பேசும் வேலை. “ஃப்ரெஷ்ஷா இருங்க மேடம்” என்று மேலாளர் இரண்டு முறை சொன்ன பிறகு அவள் நூல் போட்டுக்கொண்டாள். என்னிடம் சொன்னாள்: “மேனேஜரோட கண்ணை என்னால மாத்த முடியாது. என் புருவத்தை ஒரு மணி நேரத்துல மாத்திக்கலாம். நீ கட்டுரை எழுது, நான் வேலையைக் காப்பாத்திக்கிறேன்.” அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான். அவள் கணக்கில் பிழை எதையும் என்னால் காட்ட முடியாது.

‘பார்ப்பவர் தவறாக வாசித்தால், முகத்தை ஏன் திருத்த வேண்டும்?’ என்று நான் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை ஒரு கடினமான இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். தொழுநோயில் புருவ முடி உதிரும். நோய் முற்றிலும் குணமான பிறகும், புருவமற்ற அந்த முகம் அடையாளமாக நின்று, வேலையும் வீடும் கிடைக்காமல் செய்தது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். அதோடு முகச் சீரமைப்பும் வளர்ந்தது. உட்கார்ந்துபோன மூக்கை நிமிர்த்தினார்கள். முடியுள்ள தலைத்தோலை எடுத்துப் புருவத்தில் பொருத்தினார்கள். அந்தப் புருவம் தலைமுடி போலவே வளரும், அவ்வப்போது வெட்ட வேண்டும். இதுவும் பார்ப்பவரின் தப்பெண்ணத்துக்காக முகத்தைத் திருத்தியதுதான். இதைத் தவறென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? என் தோழியின் நோக்கத்தில் இல்லை. ஒதுக்கப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவளும் நினைக்கிறாள். வேறுபாட்டை நான் இரண்டு இடங்களில் காண்கிறேன். தொழுநோயில் ஒருவருக்குப் புருவம் வைத்ததால் மற்றவர்கள் முகம் மோசமாகவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒன்றை அவரும் திரும்பப் பெற்றார். புருவத் தூக்கலில் ஒவ்வொரு தூக்கலும் தூக்காத புருவத்தை இன்னும் கொஞ்சம் கீழே காட்டுகிறது. இரண்டாவது, சிகிச்சை தருபவரின் நிலை. தொழுநோய் மருத்துவர்கள் ஒரு கையால் புருவத்தைப் பொருத்தினார்கள். மறு கையால் ‘இது குணமாகும் நோய், இவர்களை ஒதுக்காதீர்கள்’ என்று ஊருக்குச் சொன்னார்கள். அழகு வணிகம் முதலில் விளம்பரத்தில் நம் முகத்துக்குக் களைப்பு, சோகம், சிடுசிடுப்பு என்று பெயர் வைக்கிறது. பிறகு அந்தப் பெயரை நீக்கக் கட்டணம் வாங்குகிறது. பழிச்சொல்லை வளர்ப்பதும் மருந்து விற்பதும் ஒரே கை. ஆகவே அறம் பற்றிய கேள்வியை நாற்காலியில் படுத்திருக்கும் பெண்ணிடம் கேட்பதற்கு முன் அந்தக் கையிடம் கேட்க வேண்டும்.

புருவம் தொங்கிக் கண்ணையே மறைத்தாலோ, முகவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டாலோ அது வேறு. அங்கே பார்வை பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் நூலைவிட முறையான அறுவை சிகிச்சையே தேவைப்படும். அதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

களைப்பு என்ற சொல்லுக்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. புருவம் இறங்கிய பெண்கள் எல்லோரும் களைத்தவர்கள் இல்லை. ஆனால் நம்மில் பலர் உண்மையிலேயே களைத்திருக்கிறோம். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 81 பெண்கள் ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்கிறார்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். ‘ஏன் டல்லா இருக்கீங்க’ என்பது அக்கறையில் பிறந்த கேள்வியாக இருந்தால், அதற்கு அடுத்த வாக்கியம் ‘நீங்க உட்காருங்க, இன்னைக்குச் சமையல் நான் பார்த்துக்கறேன்’ என்றிருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பின் தடயம் முகத்தில் வேண்டாம். நூல் அந்தத் தடயத்தை மட்டும் எடுத்துவிடுகிறது. 299 நிமிடம் அப்படியே இருக்கிறது. நம் முகத்தில் களைப்பு தெரியாமல் போனால், அந்தக் களைப்புக்குக் காரணமானவர்களுக்கே முதலில் வசதி.

இதற்கு மாற்றாக, எல்லாப் பெண்களும் சுருக்கத்தோடும் சரிவோடும் வீரமாக நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ‘உண்மையான பெண்ணியவாதி டை அடிக்க மாட்டாள், நூல் போட மாட்டாள்’ என்பது புதிய வேடத்தில் வந்த பழைய கற்பு. அதுவும் பெண்ணின் உடலைப் பார்த்து அவள் ஒழுக்கத்தை அளக்கிறது. தலை நரைத்த நாயகன் பேத்தி வயது நாயகியோடு ஆடும் திரையின் முன் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருவத்தை விசாரிக்க நமக்கு வாயில்லை.

நான் கேட்பது வேறொன்று: மறைக்காமல் இருப்பது. நூல் போட்டுக்கொண்ட பிறகு, “எப்படி இவ்வளவு பளிச்சுனு இருக்கே?” என்று கேட்டால், பலர் “நல்லாத் தூங்குறேன், தண்ணி நிறையக் குடிக்கிறேன்” என்கிறார்கள். அந்தச் சின்னப் பொய்தான் அதிகம் தீங்கு செய்கிறது. அதைக் கேட்கும் இன்னொருத்தி, தூங்கியும் தண்ணீர் குடித்தும் இறங்கிய தன் புருவத்தைத் தன் குற்றமென்று எண்ணிக்கொள்கிறாள். பணமும் ஊசியும் வலியும் போட்டு உருவாக்கிய ஒன்று, இயல்பாகக் கிடைத்ததுபோல் உலவத் தொடங்குகிறது. என் தோழி இதில் நேர்மையானவள். கேட்பவர்களிடம், “நூல் போட்டேன், இவ்வளவு ஆச்சு, பத்து நாள் வாயைத் திறந்து சிரிக்க முடியலை” என்று சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்ட பிறகு எவரும் அவளோடு தன் முகத்தை ஒப்பிட்டு வருந்துவதில்லை.

வாசிப்புகள் மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதைக் காட்டி மணவிலக்குக் கேட்க நம் சட்டங்களில் இடம் இருந்தது. 2019இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான், ஆனாலும் நீக்கியது. முகங்களைத் திருத்திய அதே காலத்தில் கண்களைத் திருத்தவும் பலர் உழைத்ததால் அது நடந்தது.

ஆகவே, நாளை உங்கள் தோழியோ அக்காவோ அம்மாவோ நூல் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றால், பாடம் எடுக்காமல் கூடப் போங்கள். எந்த நூல், எத்தனை மாதம் நிற்கும், செய்பவர் தகுதியுள்ள மருத்துவரா, ஏதாவது ஆனால் யாரைப் பார்ப்பது என்று அவளுக்காகக் கேளுங்கள். அவள் வேறு எதற்கோ போன இடத்தில் ‘உங்க புருவமும் இறங்கியிருக்கே’ என்று யாராவது தொடங்கினால், அவளை எழுப்பி அழைத்து வந்துவிடுங்கள். நாளைக்கு வகுப்பிலோ அலுவலகத்திலோ ஒரு பெண்ணின் முகம் வாடியதுபோல் தோன்றினால், முகத்தைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அவள் கையில் இருக்கும் வேலையில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.