அடுத்த எபிசோடும் பஜ்ர் பாங்கும்

(ஜோலார்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சங்கைக்குரிய பெரியோர்களே, அருமைச் சகோதரர்களே! டிவி என்றதும், "கேட்டுக் கேட்டுப் பழகிய பயான்தானே" என்று யாரும் தூணில் சாய்ந்துவிட வேண்டாம். ஹாலில் இருக்கும் பெட்டியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பெட்டியை விட்டு வெளியே வந்து, இப்போது உங்கள் சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கும் டிவியைப் பற்றித்தான் பேச்சு.

தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலம் இங்கே மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். ராத்திரி ஒரு நேரம் வந்தால் ஒளிபரப்பு முடிந்துவிடும், திரையில் புள்ளி புள்ளியாக ஓடும், அணைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். 1993-இல் சன் டிவி வந்தது. கேபிள் வந்தது. தினமும் சீரியல் வந்தது. அப்போது பள்ளிவாசல்களில் எழுந்த குறை என்ன? மஃரிபுக்கும் இஷாவுக்கும் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் சீரியல் ஓடுகிறது, எழுந்து வந்தால் கதை போய்விடும் என்பது. உண்மையான குறைதான். ஆனால் அந்த சீரியலும் அரை மணி நேரத்தில் 'தொடரும்' போட்டுவிடும். மறுநாள் வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

இப்போது ஓடிடி. யூடியூப். இதில் ஒரு நன்மை இருக்கிறது, அதை நாம் மறைக்கக் கூடாது. பாங்கு கேட்டவுடன் விரலால் தொட்டு நிறுத்தலாம். தொழுதுவிட்டு வந்தால் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். சீரியலுக்காக ஜமாஅத்தை விட்டேன் என்று சொல்ல இன்று யாருக்கும் வழியில்லை. அப்படியானால் பள்ளிவாசல் நிரம்பியிருக்க வேண்டுமே? மஃரிபில் ஓரளவு நிரம்புகிறது. பஜ்ரில் எத்தனை ஸஃப் நிற்கிறது என்பதை வந்தவர்கள் அறிவார்கள்.

ஏன் இப்படி? நிறுத்தும் வசதி வந்தது, முடிவு போய்விட்டது. ஒரு எபிசோடு முடிந்ததும் ஓரத்தில் சில வினாடி எண்ணிக்கை ஓடும், நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்தது தானாகத் தொடங்கும். முன்பு பார்ப்பதற்கு நாம் முயற்சி எடுத்தோம். இப்போது பார்க்காமல் இருப்பதற்கு முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தம் நிறுவனம் மக்களின் தூக்கத்தோடு போட்டி போடுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். வேறு டிவியோடு அல்ல, தூக்கத்தோடு! சகோதரர்களே, ஐந்து வேளைப் பாங்கில் பஜ்ர் பாங்கில் மட்டும் தூக்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம் கூடுதலாக வருகிறது. நம் தூக்கத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள். முதலில் கேட்பவர் இரவிலேயே முழுவதையும் வாங்கிக்கொண்டால், முஅத்தின் கூப்பிடும்போது கொடுக்க நம்மிடம் என்ன மிச்சம் இருக்கும்?

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று அபூ பர்ஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கல்விக்காகவும், விருந்தினரோடும் குடும்பத்தாரோடும் பேசுவதற்கு இடமுண்டு என்பதையும் இமாம் புகாரி தனித் தலைப்பிட்டுக் காட்டுகிறார்கள். மார்க்கம் நெருக்கடி தரவில்லை. இரவுக்கு ஒரு முடிவு வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சிலர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், நாங்கள் பார்ப்பது ஆபாசம் இல்லை, எர்துக்ருல்." துருக்கித் தொடர். 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பானது. 2020 ரமலானில் உருதுவில் வந்தது, லாக்டவுன் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி என்று உருது பேசும் வீடுகள் நிறைந்த பகுதி நம்முடையது, யூடியூபில் இது எப்படிப் பரவியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் மரக்கத்தி செய்துகொண்டு திரிந்தார்கள். ஸலாம் சொல்வதும் பிஸ்மில்லாஹ் சொல்வதும் கேட்கும் ஒரு தொடர் நம் மக்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் உஸ்மானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துக்ருலைப் பற்றி வரலாற்றில் கிடைப்பது மிகக் கொஞ்சம். தொடரில் பார்ப்பதில் பெரும்பகுதி கற்பனை. அதை இஸ்லாமிய வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதையும் விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 150 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மணி நேரம். 300 மணி நேரம். ஐந்து வேளை பர்ளுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 நிமிடம் என்று வைத்தால், 360 நாள் தொழுகையின் நேரம் அது. துருக்கியில் அதை வாரம் ஒன்றாக ஐந்து வருடம் பார்த்தார்கள். இங்கே ஒருவர் இரண்டே மாதத்தில் முடித்தேன் என்றால், தினம் 5 மணி நேரம்! அதை எந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்? சம்பாதிக்கும் நேரத்திலிருந்து யாரும் எடுப்பதில்லை.

மக்காவில் நள்ரு இப்னு ஹாரிஸ் என்று ஒருவன் இருந்தான். ஹீரா நகருக்குப் போய் பாரசீக மன்னர்களின் கதைகளையும், ருஸ்தும், இஸ்ஃபந்தியார் கதைகளையும் கற்று வந்தான். நபி (ஸல்) அவர்கள் மக்களுக்கு உபதேசம் செய்துவிட்டு எழுந்ததும், அதே இடத்தில் உட்கார்ந்து அந்தக் கதைகளைச் சொல்வான். இப்னு இஸ்ஹாக்கின் சீராவில் இது பதிவாகியிருக்கிறது. எர்துக்ருல் பார்ப்பவரை நான் நள்ரோடு ஒப்பிடவில்லை, நஊது பில்லாஹ். நள்ரு சொன்னவை வீரக் கதைகள்தாம் என்பதைக் கவனியுங்கள். கதை நன்றாக இருந்ததுதான் அவனுடைய பலம். சூரா லுக்மானின் 6-ஆம் வசனத்திற்கு விரிவுரை எழுதியவர்களில் சிலர் இவனைக் குறிப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன், ஒரு ஜிபி வாங்கி ஒரு மாதம் எண்ணி எண்ணிச் செலவழித்தோம். இப்போது தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி. இரவு 11 மணிக்கு ஒருவர் சொல்கிறார்: "டேட்டா பாக்கி இருக்கு பாய், 12 மணி ஆனா வீணாப் போயிடும்." டேட்டா வீணாவது அவருக்கு இஸ்ராஃபாகத் தெரிகிறது! ஆரோக்கியமும் ஓய்வு நேரமும்தான் மனிதர்களில் அதிகமானோர் ஏமாந்துபோகும் இரண்டு நிஃமத்துகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் இவர் காதில் விழவில்லை.

வீட்டுப் பெண்களை மட்டும் குறை சொல்லும் பழக்கத்தை ஆண்கள் விட்டுவிடுங்கள். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க அப்பர் தைத்துவிட்டு, வந்து சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு, அந்தச் சகோதரி அரை மணி நேரம் ஒரு நாடகம் பார்க்கிறாள். அவளை அதட்டுகிறவர் கட்டிலில் படுத்துக்கொண்டு நள்ளிரவு வரை ஃபோனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். ஹாலில் ஒரே டிவி இருந்தபோது அத்தா உட்கார்ந்திருக்கிறார், அம்மா இருக்கிறார் என்ற வெட்கத்தில் சில காட்சிகளில் சேனலை மாற்றினோம். இப்போது கதவைச் சாத்திய அறை, காதில் இயர்ஃபோன். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை சூரா நூரில் முதலில் ஆண்களுக்குத்தான் வந்திருக்கிறது. திருட்டுப் பிரதியை டெலிகிராமில் இறக்கிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது பிறர் உழைப்பின் ஹக்கு.

இன்று இரவே செய்யக்கூடியவை உண்டு. அடுத்தது தானாக ஓடும் வசதியை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள், யூடியூபிலும் அந்தப் பொத்தான் இருக்கிறது. எத்தனை எபிசோடு என்பதைத் தொடங்கும் முன்பே வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவு படுக்கப் போகும்போது ஃபோன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். முதலில் அத்தாவின் ஃபோன், பிறகு பிள்ளைகளுடையது. இந்த வரிசை மாறினால் பிள்ளை கேட்காது.

இது ரயில்வே ஊர். விடியும் முன் சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி பிடிப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால், எந்தத் தொடராக இருந்தாலும் முந்தின இரவு பாதியில் வைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். எழ முடியாது என்று ஒருவரும் சொல்வதில்லை. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று சூரா நிஸாவின் 103-ஆம் வசனம் சொல்கிறது. இஷாவையும் பஜ்ரையும் ஜமாஅத்தோடு தொழுதவருக்கு இரவு முழுக்க நின்று வணங்கிய நன்மை என்று உஸ்மான் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது.

நாளை சனிக்கிழமை, பஜ்ர் ஜமாஅத் வழக்கமான நேரம்தான். இன்ஷா அல்லாஹ், அங்கே சந்திப்போம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.