எவர் கையில் விடுவது?

சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சுடுநீர்க் கீசர் ஒழுகத் தொடங்கிற்று. ஒரு மின் உபகரணம் பழுதுபட்டமை இலக்கிய ஏடொன்றில் எழுதத்தக்க விடயமா என வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயின், பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்த யாரை அழைப்பது என்று தீர்மானிக்க முயன்ற அந்த நான்கு நாட்களில், பத்து ஆண்டுகளாக வகுப்பறையில் நான் பேசி வந்த சமத்துவம், உழைப்பின் மதிப்பு முதலிய சொற்கள் யாவும் என்னிடம் கணக்குக் கேட்டன. அக்கணக்கையே இங்கு எழுதுகிறேன்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. சனவரி, பெப்ரவரி மாதங்களின் சில இரவுகளில் புல் மீது பனி உறைந்து கிடக்கும். இவ்வூரில் வயோதிபத் தாயும் சிறு பிள்ளையும் வாழும் வீட்டில் சுடுநீரை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. கீசர் எங்களுக்கு முன்னரே அங்கு இருந்தது. இத்தகைய கலத்தினுள் மக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. நீரின் அரிப்பைத் தான் ஏற்றுக் கரைந்து, உருக்குக் கலத்தைக் காப்பது அதன் தொழில். அது முற்றாகக் கரையுமுன் மாற்றப்படல் வேண்டும். எங்கள் கலத்தில் அதை எவரும் மாற்றியதில்லை. ஆகவே கம்பி கரைந்தது; பின்னர் கலமும் கரைந்தது.

எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், "மூன்று கம்பி, இரண்டு குழாய். இதற்கு ஓர் ஆளா? ஞாயிற்றுக்கிழமை நாமே செய்துவிடலாம்" என்றார். நகரில் தகைமைச் சான்றிதழ் பெற்ற மின்வினைஞர் ஒருவரோ வீட்டைப் பார்வையிட்டு, புதிய கம்பிகளும் இழுக்க வேண்டும் என்று கூறி, நான் எதிர்பாராத ஒரு தொகையைக் கேட்டார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது வழி தானாகவே வாசலுக்கு வந்தது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய என் பழைய மாணவன் ஒருவன், கொழும்பில் சில ஆண்டுகள் ஒரு பாஸிடம் வயறிங் வேலை பழகியவன், செய்தி அறிந்து வந்து நின்றான்.

"இதுக்குப் போய் எதுக்கு சேர் டவுன் ஆளுங்கள கூப்பிடுறீங்க? நான் வந்து போட்டுத் தாரேன். ஒங்ககிட்ட கூலி வாங்குவேனா?"

மனம் நெகிழ்ந்தேன் என்பது உண்மை. செலவு மிச்சம் என்று அதே கணத்தில் மகிழ்ந்தேன் என்பதும் உண்மை. பிறகு ஒன்று கேட்டேன்: "இந்த வீட்டில் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா?" அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இல்ல சேர். ஆனா எர்த் இல்லாட்டியும் வேலை செய்யும்."

இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது. அவன் பொய் சொல்லவில்லை. எர்த் கம்பி இல்லாமலும் கீசர் நீரைச் சூடாக்கும். பல ஆண்டுகள் சூடாக்கும். உள்ளிருக்கும் வெப்பச்சுருள் வெடித்து, மின்சாரம் நீருக்குள் கசியும் ஒரு நாளில்தான் எர்த் கம்பியின் பயன் தெரியவரும். 3 கிலோவாற்று கீசர் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 13 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு அம்பியரின் பத்தில் ஒரு பங்கு போதும். அதனாலேயே அம்பியரின் நூற்றில் மூன்று பங்கு கசிந்தவுடனே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் வேண்டப்படுகிறது. அழுத்த வால்வின் கதையும் இதுவே. ஐம்பது லீற்றர் நீர் 15 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறும்போது முக்கால் லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகப் பெருகும். பெருகிய நீர் வால்வின் வழியே சொட்டலாம். அச்சொட்டைக் குறையென எண்ணி அடைத்து விடுபவர்கள் இருக்கிறார்கள். அடைத்த பின்னும் கீசர் வேலை செய்யும். வெப்பக் கட்டுப்பாடு பழுதாகும் நாள் வரையில்.

ஒரு வேலை நன்றாகச் செய்யப்பட்டதா என்பது வேலை முடிந்த அன்று தெரியாவிடின், அதன் கேட்டை அனுபவிக்கப் போகிறவர் யார்? இதுவே கேள்வி.

நண்பரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். தன் வேலையைத் தானே செய்தல் நல்ல பண்பு எனக் கற்றிருக்கிறோம். ஆயின் நமது ஆர்வத்தின் அடியில் வேறொன்றும் ஒளிந்திருக்கக் கண்டேன். இலக்கணம் கற்பிக்கப் பட்டமும் பயிற்சியும் வேண்டும் என்று வாதிடும் நாம், ஒரு தொழிலாளி ஆண்டுக்கணக்கில் பழகிய வேலையை ஒரு ஞாயிறு முற்பகலில் செய்துவிடலாம் என நினைக்கிறோம். மூளையுழைப்பை மேலென்றும் கையுழைப்பைக் கீழென்றும் பிரித்து வைத்த பழைய ஏணியின் மீது நின்றுகொண்டுதான் அவ்வாறு நினைக்க முடியும். மேடையில் அவ்வேணியைச் சாடிவிட்டு வீட்டில் அதில் ஏறி நிற்பது எமக்குத் தகாது.

மாணவனின் யோசனை இதனினும் கடினமானது. வறிய இளைஞனுக்கு வேலை கொடுப்பது நல்லதன்றோ என மனம் சொல்லிற்று. கூலியும் வாங்காமல் செய்யும் அன்பை மறுப்பது கொடுமையன்றோ என்றும் சொல்லிற்று. ஆயின் அவன் ஏறி நிற்கப் போகும் ஏணி, தொடப் போகும் பழைய கம்பிகள், அவனுக்கு ஏதும் நேர்ந்தால் லயன் அறையில் இருக்கும் அவனது தாய் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. "சேருக்கு ஓர் உதவி" செய்ய வந்தவன் எந்தச் சட்டத்தின் முன், எந்த முதலாளியின் பெயரைச் சொல்லி நிற்பான்? அவன் தரும் மலிவு அவன் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கு உதவி எனப் பெயரிட்டுக் கொள்வதால் நான் சுரண்டாதவன் ஆகிவிட மாட்டேன்.

திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்றோர் அதிகாரம் உண்டு. இன்ன வேலையை இன்ன வழியால் இன்னவன் முடிப்பான் என ஆராய்ந்து அவனிடம் விடுக என்பதே அதன் சாரம். ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் பகுதி அது. அரசனை நோக்கிச் சொல்லப்பட்டதால், வேலை முடியுமா என்பதே அதன் முதல் அக்கறை. வேலையைச் செய்பவன் பத்திரமாக வீடு திரும்புவானா என்ற கேள்வியை நாம்தான் அதனுடன் சேர்க்க வேண்டும்.

அப்படியாயின், சான்றிதழ் உள்ளவரை அழைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டால் மனச்சாட்சி தூங்கலாமா? அதுவும் இல்லை. இந்நாட்டில் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழில் தகைமை முறை ஒன்று உண்டு. பயிற்சி நிலையத்தில் படியாமல் வேலைத் தலத்திலேயே கற்றவரும் தமது திறனை நிரூபித்து அத்தகைமையைப் பெற அதில் இடமுண்டு. என் மாணவன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. செய்யுளுக்குப் பதவுரை எழுத அவனுக்கு நான் கற்பித்தேன். இதை நான் சொல்லவில்லை. ஏனெனில் எனக்கும் தெரியாது. வழியையே காட்டாமல் விட்டுவிட்டு, கடிதாசி இல்லை என்று ஒருவனை விலக்குவது நேர்மையாகாது.

இன்னொருவரையும் இங்கு நினைக்க வேண்டும். அவர் இன்னும் வராதவர்; எங்களுக்குப் பின் இவ்வீட்டுக்கு வாடகைக்கு வரப்போகிறவர். சுவரின் பின்னால் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதை அறியாமல், ஈரக் கையுடன் அவர் அக்குழாயைத் திறப்பார். இத்தீர்மானத்தில் அவருக்கு வாக்கு இல்லை. ஆகவே இது என் சொந்த விடயம், என் சொந்தப் பணம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இறுதியில் நகரத்து மின்வினைஞரையே அழைத்தேன். கீசருக்கெனத் தனிக் கம்பியும், எர்த்தும், ட்ரிப் சுவிச்சும் அவர் பொறுப்பு. உடன் வேலை செய்ய என் மாணவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவனுக்குரிய நாட்கூலியை நானே தருவேன் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு இணங்கினார். வீட்டுக்காரர் செலவில் பங்கேற்க மறுத்தார். அம்மாதம் ஒரு நண்பரிடம் கடன் வாங்க நேர்ந்தது.

மாணவன் முதலில் மனம் நொந்தான். "சேருக்கு எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டான். அதற்கு நான் கொடுத்த மறுமொழி எனக்கே திருப்தி தரவில்லை. ஆயினும் வந்தான். மாலையில் கூலியைக் கொடுத்தபோது வாங்க மறுத்தான், நான் விடவில்லை. போகும்போது, "அந்த எர்த் கம்பிய டெஸ்ட் பண்ற விதத்த இன்னைக்குத்தான் சேர் சரியா பார்த்தேன்" என்றான். தகைமைப் பரீட்சைக்கான விண்ணப்பத்தை இருவருமாக நிரப்பி அனுப்பியிருக்கிறோம்.

இதைச் சாதனையாக எழுதவில்லை. கடன் வாங்கியேனும் நான் தெரிவு செய்யக்கூடியவனாக இருந்தேன். இம்மலைகளின் ஆறுகளை மறித்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. இலக்சபானா 1950ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிற்று. அவ்வாறுகளின் கரையில் கொழுந்து பறிப்பவரின் வீடுகளில் இன்றும் சுடுநீர் என்றால் விறகடுப்புத்தான். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு இழுத்த கம்பியில் விளக்கெரியும் லயன்களை என் மாணவர்களின் வீடுகளாக நான் அறிவேன். லயன்களில் தீப்பற்றிய செய்திகளில் மின்னொழுக்கு என்ற சொல்லை அடிக்கடி வாசிக்கிறோம். எவரை அழைப்பது என்ற கேள்வியே எழ முடியாத வீடுகள் அவை.

ஆகவே தனிமனிதனின் மனச்சாட்சி இங்கே பாதி தூரந்தான் வரும். மீதித் தூரத்துக்குத் தோட்டப் பகுதிகளில் தமிழ்மொழியிலான தொழிற்பயிற்சி வேண்டும். வறியவர் வீட்டு மின்னிணைப்பைக் கட்டணமின்றிச் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். இவற்றைக் கோரும் சங்கங்கள் வேண்டும். அப்பாதி தூரத்தையேனும் ஆசிரியராகிய நாம் நடக்கலாம். ஒருவரிடம் வேலையை விடும்போது, "எவ்வளவு?" என்று கேட்குமுன், "இதில் ஆபத்து யாருக்கு?" என்று கேட்டுப் பழகுவோம்.