ஒண்ணும் ஆகாது

அக்கா மகன் கோயம்புத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறான். ஆடி மாதம் ஒரு மாலை அவனைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் அறை மூலையில் நின்ற கம்ப்யூட்டரின் மேல் கை வைத்தபோது ஜிவ்வென்று விரலில் ஏறியது. வெடுக்கென்று கையை எடுத்தேன்.

"அது அப்படித்தான் மாமா. செருப்புப் போட்டுட்டுத் தொட்டா தெரியாது."

மேசைக்கு அடியில் அதற்கென்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

அவன் படிக்காதவன் அல்ல. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை செய்கிறான். அதற்காகக் கடன் வாங்கி, இரண்டு ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு போட்டு அந்தக் கம்ப்யூட்டரைத் தானே கட்டியிருக்கிறான். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கேபினெட்டில் இன்னும் இருந்தது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. உழைக்கும் கருவிக்கு நன்றி சொல்வது மனிதனுக்குள்ள நல்ல குணம். எனக்குச் சண்டை அந்தச் செருப்போடுதான்.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். கார்டு ஒன்றுக்கு 450 வாட், இரண்டுக்கு 900. பிராசஸருக்கு 250, மற்றவற்றுக்கு 100. மொத்தம் 1,250. பவர் சப்ளை வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறைத்தான் உள்ளே தரும். மீதி வெப்பமாகப் போகும். ஆக, சுவரிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 1,390 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியர். அவன் செருகியிருந்தது 6 ஆம்பியர் சாக்கெட். அதிலும் நேராக அல்ல, ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக. மானிட்டரும் ரவுட்டரும் செல்போன் சார்ஜரும் அதே பெட்டியில்.

மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும். இஸ்திரிப்பெட்டி சூடானதும் தானே நின்று, ஆறியதும் மறுபடி இழுக்கும். இந்த இயந்திரம் ஒரு பாடத்தை ஆரம்பித்தால் மூன்று பகல் மூன்று இரவு மூச்சு விடாமல் இழுக்கும். வீட்டு வயரிங்கைப் போட்டவர் இப்படி ஒன்று வரும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்பு மங்கும், கரெண்டும் குறையும். கம்ப்யூட்டர் அப்படி அடங்காது. தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் வாங்கிக்கொள்ளும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரை ஏற்றும். மாலையில் தெருவே ஏசி போடும்போது 200 வோல்ட் வந்தால், அந்த 6 ஆம்பியர் 7 ஆகும். அவனோ அடுத்த மாதம் இன்னும் இரண்டு கார்டு வாங்கத் திட்டம் போட்டிருந்தான். அப்போது சுவரிலிருந்து 2,390 வாட். 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல், 200 வோல்ட்டில் கிட்டத்தட்ட 12.

ஆறு பன்னிரண்டானால் சூடு இரட்டிப்பாகும் என்றுதான் மனசு சொல்லும். ஆகாது, நாலு மடங்காகும். கம்பியில் பிறக்கும் வெப்பம் கரெண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1841-இலேயே ஜூல் எழுதிவிட்டார். லூஸான ஒரு பிளக் முனையில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 ஆம்பியரில் அங்கே 3.6 வாட் வெப்பம். 12 ஆம்பியரில் 14.4 வாட், நகக்கண் அளவு இடத்தில், விடிய விடிய. வெப்பம் பித்தளையின் பிடியைத் தளர்த்தும். தளர்ந்த பிடி தடையைக் கூட்டும். கூடிய தடை இன்னும் வெப்பத்தைத் தரும்.

எம்சிபி விழாதா என்று கேட்பார்கள். விழாது. அது பார்ப்பது ஆம்பியரை மட்டும்தான். பிளக் கருகுவது அதன் கண்ணுக்குத் தெரியாது. இந்த வீட்டில் கதை இன்னும் மோசம். கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 10 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு, யாரோ 32 போட்டிருந்தார்கள். 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியரை ஒரு மணி நேரத்துக்கும் விழாமல் தாங்க வேண்டும் என்பதுதான் அதன் தரவிதி. சுவருக்குள் ஓடும் 1 சதுர மில்லிமீட்டர் வயரோ பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் தாங்காது. காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் சத்தமே இல்லை என்று மகிழ்ந்திருக்கிறார்கள்.

"ஒண்ணும் ஆகாது மாமா. ஒன்பது மாசமா ஓடுதே."

இந்த வாக்கியம்தான் என்னைச் சுட்டது. வேண்டுதல் பலித்த பத்துப் பேரை எண்ணி, பலிக்காத தொண்ணூறு பேரை எண்ணாமல் விடுவது எப்படிப்பட்ட நியாயமோ, அப்படிப்பட்ட நியாயம் இது. இயந்திரத்துக்குப் பாடம் சொல்லும்போது, பார்த்த படங்களை வைத்து மட்டும் அதை நம்பாதே, பாராத படத்தைக் கொடுத்துச் சோதி என்பது இவனுடைய தொழிலில் முதல் விதி. தன் படுக்கைக்கு மூன்றடி தள்ளியிருக்கும் சாக்கெட்டுக்கு மட்டும் அந்த விதி கிடையாதா? கோயிலுக்குப் போகாதவன் பகுத்தறிவாளன் என்றொரு சுருக்கமான கணக்கு நம்மிடம் இருக்கிறது. அளக்கக்கூடிய ஒன்றை அளக்காமல் நம்புகிறவன், எங்கே போனாலும் போகாவிட்டாலும், மூடநம்பிக்கைக்காரன்தான்.

தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் ஒரு சொல் வரும்: மின்கசிவு. அந்தக் காலத்தில் 'விதி' செய்த வேலையை இப்போது இந்தச் சொல் செய்கிறது. எந்த வயர், எத்தனை ஆம்பியர், எம்சிபியை மாற்றியது யார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. மின்சாரம் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்வதில்லை. அது கணக்கு மாறாது; கணக்கைப் போடாமல் விட்டவர்கள் நாம்.

உயிரைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை உண்டு என்று வாதிடலாம். அவன் உயிர் மட்டும் என்றால் யோசிக்கலாம். கீழே வீட்டுக்காரர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் பேத்தி. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பிளக் கருகும்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தோம். போர்டைத் திறந்தார். சாக்கெட் பின்புறம் பழுப்பேறியிருந்தது. மூன்றாவது துளையில் வயரே இல்லை. மாடி பிற்பாடு கட்டியது. மேலே எர்த் கம்பி ஏறவே இல்லை. ஒவ்வொரு பவர் சப்ளைக்குள்ளும் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. அவை பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்டேஜில், சுமார் 115-இல், மிதக்கும். அந்த ஜிவ்வுதான் விரலில் ஏறியது. மெல்லிய கரெண்ட், கொல்லாது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் போகும் நாளில் முழு 230 வோல்ட்டும் அதே தகட்டில் வந்து நிற்கும்.

எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர். "வேணும்னா எர்த் பின்னை நியூட்ரல்ல சேத்துக் கட்டிடறேங்க. ஷாக் நின்னுரும்," என்றார். உண்மைதான், நின்றுவிடும். பிறகு எங்கோ ஒரு நியூட்ரல் கம்பி அறுந்தால் கேபினெட் அப்படியே பேஸ் ஆகிவிடும். வேண்டாம் என்றேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி, கரெண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 16 ஆம்பியர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸே கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு புது எர்த் குழி. செலவு, அவன் வாங்க நினைத்த ஒரு கார்டின் விலையில் ஒரு சிறு பங்கு. அதுவரைக்கும் கார்டுகளை 300 வாட்டுக்குக் கட்டி வைக்கலாமா என்று அவனே கேட்டான். நல்ல யோசனை, வேகம் கொஞ்சம்தான் குறையும், 230 வோல்ட்டில் கரெண்ட் ஐந்து ஆம்பியருக்குக் கீழே வந்துவிடும். ஆனால் எர்த் இல்லாத குறையை அது தீர்க்காது.

பிரான்சில் சேன்-ஓமேர் என்ற ஊரில் 1780-இல் ஒருவர் தன் வீட்டின் மேல் இடிதாங்கி வைத்தார். மண்ணுக்குள் இறங்கும் ஒரு கம்பி, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தார் பயந்து முறையிட, ஊர் அதிகாரிகள் அதைக் கழற்றச் சொன்னார்கள். வழக்கு 1783 வரை நடந்தது. கம்பிக்காக வாதாடி வென்ற இளம் வக்கீல், பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர்பெற்ற ரோபஸ்பியர். மண்ணுக்குள் போகும் கம்பிக்கு ஒரு காலத்தில் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

நான் வீட்டுக்காரரிடம்தான் போனேன். பொறுமையாகக் கேட்டார். பேத்தி அவர் மடியில் இருந்தாள்.

"செஞ்சிரலாம் தம்பி. ஆடி போகட்டும். ஆடியில மண்ணைத் தோண்ட வேண்டாம்."

சந்தனப் பொட்டோடு சண்டை இல்லை என்று முந்தின நாள்தான் நினைத்திருந்தேன். இதோடு சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை, இறங்கியும் வரவில்லை. ஆடி முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மாடிக்கு ஏறிப் போய் மெஷினை நிறுத்தச் சொன்னேன். பாதிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் சுருங்கியது. சேமித்துக்கொள்ள நேரம் கொடுத்தேன். பிறகு பிளக்கைப் பிடுங்கி அவன் கையில் வைத்தேன். பின் இன்னும் சுட்டது.