சர்க்கரை நோய்: ஊழா, முயற்சியா?

சர்க்கரை நோய் ஊழால் வருகிறதா, வாழும் முறையால் வருகிறதா என்பது மருத்துவக் கேள்வி மட்டுமன்று, அறக்கேள்வியும் ஆகும். ஊழ் என்றால் நோயாளிமேல் பழியில்லை. ஆனால் தடுக்கவும் வழியில்லை. வாழும் முறை என்றால் வழியுண்டு. கூடவே பழியும் வந்து சேர்கிறது. திருக்குறளில் இரண்டு குரலும் கேட்கின்றன. 38ஆம் அதிகாரத்தில் ஊழை மிஞ்சிய வலிமை இல்லை. 62ஆம் அதிகாரத்தில் தளராத முயற்சி ஊழையும் வெல்கிறது.

இந்த வழக்குக்கு ஒரு சாட்சியம் உண்டு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை 3 ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். முயற்சி பலித்தது, முயன்றும் பலருக்கு நோய் வந்தது. இரண்டு அதிகாரங்களும் மெய்யாயின.

திருநெல்வேலியில் பழி எளிதாக அல்வாமேல் விழுகிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் மாலையில் கூட்டம் நெருக்குகிறது. வாழையிலைத் துண்டில் வைத்துத் தரும் சூடான அல்வாவின் நெய் விரல்களில் வழிகிறது. ஆனால் அது எப்போதோ தின்பது. அன்றாடம் தட்டில் விழுவது சோறு. தாமிரபரணி வயல்களில் குனிந்து நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்த உடலுக்கு அது போதுமான அளவாக இருந்தது. அறுவடைக்கு இயந்திரம் வந்தது, வேலை நாற்காலிக்கு மாறியது. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. இதைத் தனி ஒருவரின் குற்றம் என்று சொல்ல முடியாது.

சித்த மருத்துவம் இந்நோயை மதுமேகம் என்கிறது. மருந்தோடு பத்தியத்தையும் சேர்த்தே விதிக்கிறது. பத்தியம் நோயாளியின் பங்கு. மற்ற பங்குகளும் உண்டு என்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தன் கடைசிக் குறளில் வகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர்.

நான்காமவர் இல்லாத வீடுகளும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, தமிழகம் முழுவதும் பரவிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த இடத்தை நிரப்ப முயல்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். சர்க்கரை அளவைக் குறித்துக்கொள்கிறார். மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவருக்கு இது ஒரு நாள் சம்பளம்.

ஊழின் பங்குக்கு நோயாளி பொறுப்பல்லர். முயற்சியின் பங்கோ அவர் ஒருவருடையது மட்டும் அன்று. பழி சொல்லாமல் கதவைத் தட்டி வரும் மருத்துவமே இந்நோய்க்குரிய அறம்.