பதினான்கு நாற்காலிகள்

பிறருடைய துயரத்தைப் பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பார்த்தபின் அதற்காக நாம் செலுத்த வேண்டிய கடன் யாது? இவ்வினாக்களை எழுப்புவது அறநூலாரின் வேலை மட்டுமன்று, கலைஞரும் எழுப்பலாம். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆன்யெஸ் வர்தா அம்மையாரின் கலைவாழ்வை நோக்குமிடத்து, அதன் பிற்பகுதி முழுவதும் இவ்வினாக்களுக்கு விடை தேடியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

1928ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பிறந்த அவர், முதலில் நிழற்படக் கலைஞராகத் தொழில் புரிந்தார். தெற்குப் பிரான்சின் செத் என்னும் துறைமுக நகரில், மீனவர் குடியிருப்பு ஒன்றிலே அவர் எடுத்த முதற்படம் 1955இல் வெளிவந்தது. 1962இல், மருத்துவரின் முடிவுக்காகக் கலங்கிக் காத்திருக்கும் ஒரு பாடகியின் சில மணி நேரத்தைப் படமாக்கினார். வீடின்றி அலைந்து குளிரில் மாண்டுபோன ஓர் இளம்பெண்ணைப் பற்றிய படம், 1985இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. மீனவர், நோய்க்கு அஞ்சியவள், வீடற்றவள்: உலகம் நின்று நோக்காது கடந்துபோகும் மாந்தரே அவர் கண்ணிற் பட்டனர் என்பதைக் கருதுக.

2000ஆம் ஆண்டில், கைக்கு அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமராவை ஏந்தி, அறுவடை முடிந்த வயல்களில் சிந்தியவற்றைப் பொறுக்குவோரைத் தேடிச் சென்றார். அங்ஙனம் பொறுக்கும் உரிமையை ஏழையர்க்கு வழங்கிய அரசாணை பிரான்சில் 1554ஆம் ஆண்டிலேயே பிறந்தது. மிகப் பெரியவை என்றும் வடிவம் கோணியவை என்றும் வண்டி வண்டியாகக் கொட்டப்பட்ட உருளைக்கிழங்குகளிடையே, இதய வடிவிலான சில கிழங்குகளைக் கண்டு, அவற்றை அவர் வீட்டுக்கு எடுத்து வந்தார். 2003இல், தம் எழுபத்தைந்தாம் வயதில், வெனிஸ் கலைக் கண்காட்சியில் மூன்று திரைகளை நிறுத்தி, முளைவிட்டுச் சுருங்கிய அக்கிழங்குகளை அவற்றிலே காட்டினார். திரைகளின்முன் தரையில் 700 கிலோ உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்தார். திரைப்பட இயக்குநர் வீடியோ நிறுவற்கலைஞராக மாறியது இவ்வாறே.

நிறுவற்கலை என்பது யாது? கூடத்தில் திரைகளையும் பொருள்களையும் அமைத்து, காண வருவோர் அவற்றினூடே நடந்து காணுமாறு செய்வதாகும். திரையரங்கிலோ நூற்றுக்கணக்கானோர் இருளில் அமர்கின்றனர். படம் தன் வேகத்தில் ஓடி முடிகிறது. எல்லாரும் ஒருங்கே அழுது, ஒருங்கே எழுந்து செல்கின்றனர். கூடத்திலே அங்ஙனமன்று. எங்கு நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும். நகர்ந்து செல்லும் உரிமை உடையவருக்கே நின்று கேட்கும் பொறுப்பும் உண்டாகிறது.

இப்பொறுப்பை வர்தா அம்மையார் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதற்கு நுவார்மூத்தியே தீவின் கைம்பெண்களைப் பற்றிய அவருடைய படைப்பு சான்று. அது 2006இல் பாரிஸ் நகரின் கார்த்தியே கலை நிறுவனத்தில் வைக்கப்பெற்றது. நுவார்மூத்தியே பிரான்சின் மேற்குக் கடலோரத் தீவு. நடுவிலே ஒரு பெரிய திரை. அதில் கரிய உடை அணிந்த பெண்கள் கடற்கரையில் ஒரு மேசையைச் சுற்றி நடக்கின்றனர். அத்திரையைச் சூழப் பதினான்கு சிறு திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைம்பெண். எதிரே பதினான்கு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஹெட்போன். அமர்ந்தவர் பதினான்கு முகங்களையும் பார்க்கலாம். ஆனால் அந்த நாற்காலிக்கு உரிய ஒரே பெண்ணின் குரலைத்தான் கேட்க இயலும். மற்றொருத்தியைக் கேட்க விரும்பினால் எழுந்து மற்றொரு நாற்காலிக்குச் செல்ல வேண்டும். அனைவரையும் கேட்பதற்குப் பதினான்கு முறை அமர வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். கணவனை இழந்தவளின் கண்ணீரைக் கண்காட்சிப் பொருளாக்கலாமா? நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கத்தக்கதா துயரம்? இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. துயரத்தைக் காட்டி ஆதாயம் தேடுவோர் எக்காலத்தும் இருக்கின்றனர். ஆயினும் இப்படைப்பை அவ்வகையிற் சேர்ப்பதற்கு நம் மனம் ஒப்பவில்லை. முதலாவது, அம்மையாரின் கணவரும் இயக்குநருமான ழாக் தெமி 1990இல் காலமானார்; அப்பதினான்கு திரைகளுள் ஒன்றிலே அம்மையாரும் ஒரு கைம்பெண்ணாக அமர்ந்திருக்கிறார். இரண்டாவது, அதே தீவில் அவர் எடுத்து, 1966இல் வெளிவந்து தோல்வியுற்ற படமொன்றின் சுருள்களைச் சுவர்களாகத் தொங்கவிட்டு ஒரு குடில் அமைத்து, அதனையும் அதே கண்காட்சியில் வைத்தார். பிறர் இழப்பைக் காட்டியவர் தம் இழப்பையும் தம் தோல்வியையும் மறைத்தாரில்லை. பிறரிடம் கேட்டதைத் தாமும் கொடுத்தவரைச் சுரண்டினார் என்று கூறுவது நீதியாகாது.

மூன்றாவது காரணமே நமக்கு முதன்மையானது. அரபியில் 'ரிஸா' என்னும் இரங்கற்பா உண்டு. தம் சகோதரர் ஸக்ருக்காக அல்கன்ஸா அம்மையார் பாடியவை அதில் பெயர்பெற்றவை. தமிழிற் கையறுநிலை உண்டு. இப்பாக்கள் ஒருவருடைய துயரைக் கேட்போர் அனைவருடைய துயராக்குவன. அது கவிதையின் ஆற்றல். வர்தா அம்மையாரோ எதிர்த்திசையிற் சென்றார். பதினான்கு துயரங்களை ஒன்றாக உருக்கிவிட அவர் மறுத்தார். 'கைம்பெண்கள்' என்ற ஒரு சொல்லின் கீழே, ஒருத்தியின் வாழ்வு மற்றொருத்தியின் வாழ்வன்று என்பதை நிலைநாட்டினார். தொகையாக நோக்கினால் இரக்கம் பிறக்கலாம். ஒவ்வொருவராகக் கேட்டால்தான் மதிப்புப் பிறக்கும்.

இக்கருத்து நமக்குத் தொலைவானதன்று. இன்று ஒரே காலைப் பொழுதில் எத்தனை துயர முகங்கள் நம் கைப்பேசியில் வந்து போகின்றன! ஒன்றைப் பார்த்து முடிக்குமுன் விரல் அதனை மேலே தள்ளிவிடுகிறது. பார்த்தோம் என்பதையே பரிவு என்று எண்ணிக்கொள்கிறோம். நம் ஊர்களிலும், மௌத்து வீட்டில் முதல் சில நாள்கள் இடம் போதாது. வந்தவரெல்லாம் ஆறுதல் கூறுகின்றனர். அவ்வீட்டுப் பெண்மணி பேசுவதைக் கேட்பவரோ சிலரே. இத்தாக் காலம் முடிந்து, அவர் தம் கணவரைப் பற்றி நிதானமாகப் பேசத் தொடங்கும் வேளையில் எதிரிலுள்ள நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

முதலில் எழுப்பிய வினாக்களுக்கு நம் விடை இதுதான். பிறர் துயரைக் காணும் உரிமை, நம் நேரத்தைக் கொடுத்துப் பெறும் உரிமை. கொடுக்க நேரமில்லாதவர் பார்வையைத் திருப்பிக்கொள்வதே மரியாதை. அக்கடன் ஒரே தவணையில் எல்லாருக்குமாகச் செலுத்தத்தக்கதுமன்று. ஒருவர் எதிரே அமர்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டு, பின்னரே அடுத்தவரிடம் செல்ல வேண்டும். வர்தா அம்மையார் 2019 மார்ச் 29ஆம் நாள் மறைந்தார். கேட்பாரற்ற ஒருவர்முன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமரும் பணியை அவர் தம் கலையால் நினைவூட்டினார். அதனைச் செய்வதற்குக் கலைக்கூடம் வேண்டியதில்லை.