‘மாரடைப்பு’ என்று சொன்னால் போதுமா?

உழைக்கும் ஊர்களில் சாவும் அவசரமாகவே வந்து போகிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் வரிசை வீடுகளிலும் ஒரே வகையான செய்தி அவ்வப்போது காதில் விழும். இரவு வேலை முடித்துப் படுத்தவர் காலையில் எழவில்லை. தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. என்ன காரணம் என்று கேட்டால், ‘மாரடைப்பு’ என்பர். அச்சொல் கூறப்பட்டதும் கேள்விகள் ஓய்ந்துவிடுகின்றன. உடல் கல்லறைக்கோ, தொலைதூரச் சொந்த ஊருக்கோ புறப்படுகிறது. இந்த ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்வது இரக்கமா? அல்லது இரக்கத்தின் பெயரால் நாம் செய்யும் புறக்கணிப்பா?

முதலில் அச்சொல்லையே சற்று ஆராய்வோம். மாரடைப்பு என்பது இதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது. இதயத்தின் மின்னியக்கம் குலைந்து துடிப்பே நின்றுபோவது வேறு. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். எனினும் இரண்டும் ஒன்றல்ல. அறிகுறி தோன்றிய ஒரு மணி நேரத்திற்குள்ளோ, கண்டவர் எவரும் இல்லையெனில், கடைசியாக நலமுடன் காணப்பட்டதிலிருந்து 24 மணி நேரத்திற்குள்ளோ இதயக் காரணத்தால் நேரும் எதிர்பாராத சாவையே மருத்துவர்கள் ‘திடீர் இதய இறப்பு’ என்கின்றனர். மருத்துவமனைக்கு வெளியே நிகழ்வதால் மருத்துவர் எவரும் அதைக் காண்பதில்லை. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டில் பதிவான இறப்புகளுள் மருத்துவரின் காரணச் சான்று பெற்றவை ஏறத்தாழ 22.5 விழுக்காடே. எஞ்சியோர் எதனால் மாண்டனர் என்பதற்கு ஊர்ப்பேச்சே பெரும்பாலும் சான்று.

ஊர்ப்பேச்சு மட்டுமன்று, சான்றிதழும் தவறக்கூடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மல்ட்னோமா என்னும் வட்டாரத்தில், 2002ஆம் ஆண்டு முதல் மருத்துவர் சுமீத் சுக் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவசர ஊர்தியினர், மருத்துவமனைகள், பிணக்கூறு ஆய்வாளர் ஆகிய மூன்று வழிகளிலும் செய்தி திரட்டி, ஒவ்வொரு திடீர் இறப்பையும் தனித்தனியே ஆராய்ந்தனர். இறப்புச் சான்றிதழ்களை மட்டும் எண்ணியபோது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 153 திடீர் இதய இறப்புகள் என்று கணக்கு வந்தது. நேரில் ஆராய்ந்தபோது அது 53 ஆயிற்று. சான்பிரான்சிஸ்கோ நகரில் 525 திடீர் இறப்புகளைப் பிணக்கூறு ஆய்வுக்கு உட்படுத்தி 2018இல் வெளியிட்ட முடிவும் இத்தகையதே. இதயத்தால் நேர்ந்தவை என்று கருதப்பட்ட சாவுகளுள் பத்துக்கு ஏறத்தாழ நான்கில் உண்மைக் காரணம் வேறாக இருந்தது.

இவை வசதி மிகுந்த நாடுகளுக்கே உரியவை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1990களின் பிற்பகுதியில் நிகழ்ந்த சாவுகளைக் குறித்து, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் மருத்துவர் கஜலட்சுமியும் அவரது குழுவினரும் வேறொரு வழியைக் கையாண்டனர். பயிற்சி பெற்ற பட்டதாரிகள் இறந்தவரின் இல்லத்திற்குச் சென்றனர். கடைசி நாள்களில் நடந்தவற்றை உறவினரின் வாய்மொழியாகக் கேட்டு எழுதினர். அந்த எழுத்தைப் படித்து மருத்துவர்கள் காரணத்தைக் கணித்தனர். இவ்வாறு ஏறத்தாழ 80,000 பேரின் சாவுகள் ஆராயப்பட்டன. ‘காரணம் தெரியாது’ என்றிருந்த இறப்புகளின் பங்கு பெரிதும் குறைந்தது. இதே போன்று உறவினரிடம் கேட்டறிந்து தென்னிந்தியாவில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, மொத்த இறப்புகளில் சுமார் 10 விழுக்காடு திடீர் இதய இறப்பு என்று கண்டது. கத்தியின்றிச் செய்யப்படும் இந்த ஆய்வுக்கு வேண்டியவை பொறுமையான செவியும் நேர்மையான எழுதுகோலுமே.

கேளாமல் விட்ட இடத்தை வதந்தி நிரப்பிவிடும். 2025ஆம் ஆண்டு கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து நேர்ந்த திடீர்ச் சாவுகள் மக்களைப் பீதியில் ஆழ்த்தின. கொரோனாத் தடுப்பூசியே காரணம் என்று பலர் பேசினர். ஜெயதேவா இதயநோய் நிறுவனத்தின் இயக்குநர் ரவீந்திரநாத் தலைமையிலான குழு 24 இறப்புகளை ஆராய்ந்தது. அவற்றுள் நான்கு இதயத்தோடு தொடர்பற்றவை. பத்து உறுதியாக இதயத்தைச் சார்ந்தவை. பத்து அவ்வாறு இருக்கக்கூடியவை. பின்னர் அம்மாநில அரசு, மருத்துவமனைக்கு வெளியே நேரும் திடீர் இறப்புகளை அரசுக்கு அறிவிப்பதும் பிணக்கூறு ஆய்வு செய்வதும் கட்டாயம் என அறிவித்தது.

இங்குதான் நம் மனச்சான்று தயங்குகிறது. அழுதுகொண்டிருக்கும் தாயிடம் வினாத்தாளை நீட்டலாமா? கணவனின் உடலை அறுக்க ஒப்புக்கொள் என்று மனைவியிடம் கேட்கலாமா? இறந்தவர் திரும்பப் போவதில்லை. ஆய்வின் பயன் வேறு எவருக்கோ போய்ச் சேரும். ஒருவருடைய துயரத்தை மற்றவருடைய நன்மைக்குக் கருவியாக்குவது முறையா? இத்தயக்கம் மதிக்கத்தக்கது. மனித உடலை வெறும் பொருளாகக் காண மறுக்கும் உள்ளத்திலிருந்து அது எழுகிறது.

ஆயினும், உடலை மதிப்பதும் உண்மையைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இறந்தோரின் உடலை மரியாதையோடு நடத்துமாறு பணிக்கிறது. சட்ட விசாரணைக்காகவும் அறிவியல் ஆய்வுக்காகவும் பிணக்கூறு ஆய்வு செய்வதை ஏற்கவும் செய்கிறது. நினிவே நகரில் அன்னியராய் மடிந்த தம் இனத்தாரை அடக்கம் செய்த தோபித்து, கேட்பாரற்றுக் கிடந்த சாவுக்குத் தாம் பொறுப்பேற்றார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து நம்மிடையே மாண்டுபோகும் தொழிலாளிக்கும் அத்தகைய பொறுப்பை நாம் ஏற்கவேண்டாமா?

அதே வேளையில், கேட்பதிலும் நீதி வேண்டும். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்திய ஆய்வு ஒன்று, 18 முதல் 45 வயது வரையிலான 729 பேரின் திடீர் இறப்புகளைக் குறித்து 2023இல் வெளியாயிற்று. தடுப்பூசி அபாயத்தைக் கூட்டவில்லை என்று அது நிறுவியது. குடும்பத்தில் முன்பு நேர்ந்த திடீர்ச் சாவு, கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிய குடி, அதே நேரத்தில் கடும் உடல் உழைப்பு ஆகியவை அபாயத்தோடு தொடர்புற்றிருந்தன. இவற்றுள் குடியை மட்டும் எடுத்துக்கொண்டு ‘குடித்தான், செத்தான்’ என்று இறந்தவரைப் பழிப்பது எத்தனை எளிது! வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோர் இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் அபாயம், 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட 17 விழுக்காடு மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூறின. கப்பலேற்றும் நாள் நெருங்கும்போது ஓவர்டைம் கூடும் ஊரில், “குடித்தாரா?” என்று கேட்கும் நாவு, “அந்த வாரம் எத்தனை மணி நேரம் உழைத்தார்? எத்தனை இரவு விழித்தார்? இரத்த அழுத்தம் எப்போதாவது பார்க்கப்பட்டதா?” என்றும் கேட்கவேண்டும். பாதி வினாக்களோடு நடக்கும் ஆய்வு, வலியோர்க்குச் சாதகமாகவே முடியும்.

ஆகவே, திருப்பூர் போன்ற தொழிற்பகுதியில் இத்தகைய ஆய்வு நடைபெறுமாயின் அதற்குச் சில நெறிகள் வேண்டும். துயரம் சற்றுத் தணிந்தபின், குடும்பத்தார் மனமுவந்து சொல்வதையே கேட்கவேண்டும். அவர்கள் தாய்மொழியில், அது இந்தியாயினும் ஒடியாவாயினும், கேட்கவேண்டும். சொன்னவற்றை வேலை கொடுத்தவரிடம் காட்டலாகாது. கண்டறிந்ததை ஆய்வேடுகளில் பூட்டிவைக்காமல், அந்த வீட்டாருக்கும் உடன் உழைத்தோருக்கும் எடுத்துரைக்கவேண்டும். தந்தைக்கு நேர்ந்தது மகனுக்கும் நேரக்கூடும் என்று அறிந்தால், அம்மகனை முன்கூட்டியே பரிசோதிக்கலாம். துடிப்பு நின்றபின் மார்பை அழுத்தாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் மிகுதியானோர் சாய்கின்றனர் என்று தெரிந்தால், அங்கே பயிற்சி பெற்ற கைகளை நிறுத்தலாம். 2024இல் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பரிசோதனைகளும் எங்கே முதலில் செல்லவேண்டும் என்பது விளங்கும்.

நம் அன்பியத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் சாவு வீடுகளுக்குச் செல்பவர்கள். முப்பதாம் நாளும் சென்று செபிப்பவர்கள். மருத்துவ ஆய்வாளர் அவ்வீடுகளை நாடி வரும்போது, ‘போனவரைப் பற்றி இனி என்ன பேச்சு?’ என்று கதவடைக்காமல், அவரை உள்ளே அழைத்துச் சென்று குடும்பத்தாரின் அருகே அமரலாம். அவர்கள் அஞ்சும் வினாக்களை விளக்கலாம். பேச விரும்பாதவரின் மௌனத்தைக் காக்கலாம். அந்த உரையாடல் முடிந்து எழும்போது, அவ்வீட்டுப் பிள்ளைகளின் இரத்த அழுத்தத்தை எங்கே, எப்போது பார்ப்பது என்பதையும் பேசிவிட்டு எழுவோமாக.